குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர்

ஜூன் 8, வியாழன்

கோவையிலிருந்து மாப்பிள்ளை பிரதீப் போன் செய்தார். என்னைக் கூப்பிடவில்லை. என் மனைவி ராஜாமணியிடம் பேசினார். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

செய்தி இதுதான். ஜூலை ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகள் தாரணிக்கு வளைகாப்பு. ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவர்களே நாள் பார்த்துவிட்டார்கள். வளையல் போட்டதும் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை நாங்கள் ஈரோட்டுக்கு அழைத்து வருவது முறை. அதற்கு மாப்பிள்ளை ஒரு நிபந்தனை வைக்கிறார். இந்த வீட்டுத் தண்ணீர் மாறினால்தான் அனுப்புவார். இல்லாவிட்டால் பிரசவம் கோவையில், அவர்கள் வீட்டிலிருந்தபடியே.

"வீடு முழுசுக்கும் பில்டர் போடோணுமாமுங்க. மேல் தொட்டியில இருந்து எறங்குற பைப்புலயே மாட்டிருவாங்களாமா. குளிக்கிறது, பாத்திரம் வெளக்குறது எல்லாமே அந்தத் தண்ணியாமா" என்றாள் ராஜாமணி.

"ஒரு நாளைக்கு ஒரு குடம் குடிக்கிறோம். மிச்சத்துக்கு எதுக்கு பில்டரு? கக்கூசுக்குமா?"

"கேட்டதச் சொன்னனுங்க. எங்கிட்ட எதுக்குச் சண்டைக்கு வர்றீங்க?"

ஏப்ரலில் தாரணி இங்கே பத்து நாள் இருந்தாள். அப்போது நாலாம் மாதம். ஊருக்குப் போன இரண்டாம் நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும். ஆஸ்பத்திரியில் நாலு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். குழந்தை தப்புமா என்று டாக்டரே இரண்டு நாள் சொல்லவில்லை. அதற்கு என் தண்ணீர்தான் காரணம் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் பானிபூரி தின்றதாக தாரணியே சொன்னாள். அது யார் காதிலும் ஏறவில்லை.

ஜூன் 10, சனி

இந்த வீட்டில் தண்ணீர் எங்கெங்கே செலவாகிறது என்று வாளி வைத்து இன்று அளந்தேன். இருவர் இருக்கும் வீட்டில் நாளுக்கு ஐந்நூறு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வாய்க்குள் போவது பதினைந்து லிட்டர். ஆகவே சமையல் மேடையில் வைக்கிற சின்ன பில்டர் போதும். முழு வீட்டு பில்டர் என்பது, ஒருவனுக்குப் பல்வலி என்றால் ஊருக்கே பல்லைப் பிடுங்குவது.

இதை மாப்பிள்ளைக்கு விளக்கமாக எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். மில்லில் துடைக்கிற ஆளாகச் சேர்ந்து, இயந்திரங்களோடு வந்த இங்கிலீஷ் கேட்டலாக்கை அகராதி வைத்துப் படித்து பிட்டர் ஆனேன். என்னிடம் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்ட டிப்ளமோக்காரனை எனக்கு மேல் போர்மேனாகப் போட்டார்கள். இப்போது என் வீட்டுக் குழாயைப் பற்றி மாப்பிள்ளை எனக்குச் சொல்கிறார். பழகிவிட்டது.

2001-இல் இந்த வீட்டைக் கட்டினேன். ஆற்றுத் தண்ணீர்க் குழாய் இன்றுவரை மூன்று தெரு தள்ளியே நிற்கிறது. போர் போட்டது என் திட்டப்படி, சமையலறைச் சுவரை ஒட்டி. குழாய் நீளம் மிச்சம், மோட்டாருக்கும் இழுவை குறைவு. அறுபது அடியிலேயே ஊற்று. 2017 வறட்சியில் தெருவில் எல்லாப் போரும் காற்று வாங்கியபோது என்னுடையது மட்டும் நிற்கவில்லை. எட்டு வீட்டுக்காரர்கள் குடத்தோடு வாசலில் நின்றார்கள். அதையெல்லாம் யாரும் இப்போது பேசுவதில்லை.

ஜூன் 12, திங்கள்

பேனா போன்ற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கினேன். தண்ணீரில் முக்கினால் கரைந்திருக்கிற உப்பை எண்ணாகக் காட்டும். எங்கள் போர் 1,150. எதிர்வீட்டு சின்னராசு போர் 1,900. அவரிடம் சொன்னேன். "உங்களுது எப்பவுமே ஒசத்திதானுங்களே" என்றார். கிண்டலா என்று தெரியவில்லை.

அவர் வீட்டுக்கு இன்று கழிவுநீர் லாரி வந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது. தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது. என் செப்டிக் தொட்டிக்கு இந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட லாரி வந்ததில்லை. பத்து சிமென்ட் உறை இறக்கி, அடியைப் பூசாமல் மண்ணாகவே விட்டேன். கொத்தனார் பூசச் சொன்னார். நான் கேட்கவில்லை. யோசித்துச் செய்தால் லாரிக்கு வேலையே இல்லை.

ஜூன் 15, வியாழன்

சின்ன பில்டர் வந்தது. மாட்டுவதற்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். வேண்டாமென்று நானே மாட்டினேன். சமையல் மேடையில் மிக்சிக்குப் பக்கத்தில் வைத்து, குழாயிலிருந்து ஒரு டியூப் உள்ளே, கழிவுக்கு ஒரு டியூப் சிங்க்குக்குள். முக்கால் மணி நேரம். மீட்டரை முக்கினேன். 70. போட்டோ எடுத்துக் கோவைக்கு அனுப்பினேன்.

ராஜாமணி ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தாள்.

"சப்புனு இருக்குதுங்க."

"சுத்தமான தண்ணிக்கு ருசி இருக்காது."

"செரி. அவ பல்லு வெளக்குறது எதுலங்க?"

"குழாய்த் தண்ணியில."

"கீரை அலசுறது? டம்ளர் கழுவுறது? கொழந்த பொறந்தா மேலுக்கு ஊத்துறது? கொழந்த வாயத் தொறந்து அழுவாதுங்களா அப்போ?"

இவளுக்கு யார் இதெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. கழிவு டியூப்பிலிருந்து வருகிற தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைக்கச் சொன்னேன். பேச்சு அதோடு முடிந்தது.

ஜூன் 17, சனி

மாப்பிள்ளை இன்று என்னிடமே பேசினார்.

"மாமா, அந்த மீட்டர் உப்பைத்தான் காட்டும். கிருமியக் காட்டாது."

"கிருமி இருந்தா நாங்க ரெண்டு பேரும் இருபத்திரண்டு வருஷமா எப்படிங்க உசுரோட இருக்கோம்?"

"உங்களுக்குப் பழகிருக்கும். தாரணி கல்யாணமாகி நாலு வருஷமா சிறுவாணி குடிக்கிறா. நான் சண்டைக்குச் சொல்லல மாமா. லேபுல ஒருக்கா கொடுத்துப் பாருங்க. பில்டர்ல வர்றது வேண்டாம். போர்த் தண்ணியக் கொடுங்க."

சிறுவாணி. கோவைக்காரர்களுக்கு அந்தக் குடிநீர் ஒரு சாமி. சித்திரை ஒன்றாம் தேதி சம்பந்தி நாச்சிமுத்து வாத்தியார் இங்கே விருந்துக்கு வந்தபோது வீட்டிலிருந்தே சிறுவாணித் தண்ணீரை இரண்டு பாட்டிலில் கொண்டு வந்தார். என் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து, என் வீட்டு இலையில் சாப்பிட்டு, தன் பாட்டிலைத் திறந்து குடித்தார். தலைமையாசிரியராக இருந்தவருக்கு அது மரியாதைக் குறைவு என்று தெரியாதா?

லேபுக்குக் கொடுக்கத்தான் போகிறேன். முடிவு வந்ததும் சட்டம் போட்டு அவர்களுக்கே அனுப்புகிறேன்.

ஜூன் 19, திங்கள்

தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தேன். முந்தின நாளே அவர்களிடம் கிருமி நீக்கிய பாட்டில் வாங்கி, குழாய் முனையை நெருப்பில் காட்டி, இரண்டு நிமிஷம் திறந்துவிட்டு, பிறகுதான் பிடித்தேன். லேபில் இருந்த பெண் "கரெக்டா எடுத்திருக்கீங்க சார், படிச்சவங்களே தப்பாத்தான் எடுத்துட்டு வருவாங்க" என்றாள். விவரம் தெரிந்த பெண்.

ஜூன் 23, வெள்ளி

லேப் முடிவு வாங்கி வந்தேன். பீரோவில் வைத்திருக்கிறேன். மதியம் கேட்டின் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன்.

ஜூன் 24, சனி

மேல் தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன். போருக்குள்ளும் கொஞ்சம் கரைத்து ஊற்றினேன். ராஜாமணி கீழிருந்து "ரிசல்ட்டு வந்துருச்சுங்களா?" என்று கேட்டாள். இன்னும் நாளாகும் என்று சொன்னேன்.

ஜூன் 26, திங்கள்

யோசித்துப் பார்த்ததில் முழு வீட்டுக்கும் பில்டர் போடுவதிலும் நியாயம் இருக்கிறது. குழாய்களில் உப்புப் படிகிறது. கீசர் காயில் இரண்டு முறை போய்விட்டது. ஷவரில் பாதித் துளை அடைத்திருக்கிறது. மாப்பிள்ளை சொன்னார் என்பதற்காக அல்ல. இது இயந்திரம் தெரிந்தவனின் முடிவு.

ராஜாமணி கரண்டியோடு வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு கக்கூசுக்குமான்னு கேட்டீங்க."

"இப்ப வேணும்ங்கறேன். வேண்டாமா உனக்கு?"

"வேணுமுங்க. வேணுமுங்க. நான் ஒண்ணும் கேக்கல."

மாப்பிள்ளை கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அப்பாஸ் என்பவர் நாளை மறுநாள் வருகிறார்.

ஜூன் 28, புதன்

அப்பாஸ் வந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டைப்பையில் டேப், டார்ச். வந்ததும் விலைப் பட்டியலை எடுக்காதது பிடித்திருந்தது. மாடியேறித் தொட்டியைப் பார்த்தார், இறங்குகிற குழாயின் அளவைப் பார்த்தார். மணல் பில்டர், கரி பில்டர், கடைசியில் கிருமியைக் கொல்லும் நீல விளக்கு, மூன்றும் எங்கே நிற்கும் என்று சாக்பீஸில் கோடு போட்டார். பிறகு கீழே வந்தார். வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் நின்று பேசினோம்.

"போர் எங்கீங்ணா?"

காட்டினேன்.

"செப்டிக் டேங்க்?"

"நீங்க நிக்கறதே அதும்மேலதான்."

அவர் குனிந்து மூடியைப் பார்த்துவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றார். "கடைசியா எப்போ லாரி விட்டீங்க?"

"விட்டதே இல்லை. இருபத்திரண்டு வருஷம்."

"ஒருக்காக்கூடவா? வீட்ல எத்தன பேருங்ணா?"

"இப்ப ரெண்டு பேரு. முன்ன மூணு. மாடியில ஏழு வருஷம் நாலு பேரு வாடகைக்கு இருந்தாங்க."

அவர் போரைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். மறுபடி போரைப் பார்த்தார்.

"அத்தனையும் எங்கீங்ணா போச்சு?"

"மண்ணுக்குள்ள போச்சு. அடியத் தொறந்து விட்டதே அதுக்குத்தான்."

"மண்ணுக்குள்ள போயி?"

கேள்வி கேட்கிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரம் ராஜாமணி டீயோடு வந்தாள். அப்பாஸ் டம்ளரைக் கையில் வாங்கி ஒரு விநாடி பார்த்தார். "கொதிச்சதுதானுங்களேக்கா" என்று சொல்லிவிட்டுக் குடித்தார். ராஜாமணிக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

"அண்ணா, நான் பில்டர் விக்கிறவன். வித்துட்டுப் போயிட்டே இருப்பேன். ஆனா இது பில்டர் தீக்கிற காரியம் இல்லீங்ணா. மேல் தொட்டித் தண்ணி தானா எறங்குது. கரண்டு போனா அந்த நீல லைட்டு எரியாது, தண்ணி மட்டும் அது பாட்டுக்கு வந்துட்டிருக்கும். மொதல்ல இந்தப் போர மூடுங்க. டேங்க அக்கட்டால தள்ளிக் கொண்டுபோயி அடி பூசிக் கட்டுங்க. அப்புறம் நான் வர்றேன்."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பத்தாவது பெயிலுங்ணா."

"நான் எட்டாவது. முப்பத்தொரு வருஷம் மிசின் பாத்தவன். அறுபது அடியில இருக்கற ஊத்துக்கு பத்தடித் தொட்டி எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா செரிங்ணா" என்று டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார்.

பில்டர் விற்க வந்தவன் பில்டர் வேண்டாம் என்கிறான். வியாபாரம் தெரியாத ஆள்.

ஜூன் 29, வியாழன்

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஜூலை 2, ஞாயிறு

பவானி ரோட்டுக் கடையிலிருந்து நேற்று வந்து முழு வீட்டு பில்டரை மாட்டிவிட்டுப் போனார்கள். ஆளுயரத்தில் இரண்டு சிலிண்டர், பக்கத்தில் விளக்குக் குழல். அவர்கள் செப்டிக் தொட்டி எங்கே என்று கேட்கவில்லை. போட்டோ அனுப்பினேன். மாப்பிள்ளை உடனே பதில் போட்டார்: "ரொம்ப நன்றி மாமா." இத்தனை வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் நன்றி.

தாரணி பேசினாள். "அப்பா, என் ரூம்ல அந்த மரக்கட்டில் வேண்டாங்ப்பா, எறங்கறது செரமம். பாய் மெத்தை போட்டு வைங்க. அம்மாகிட்ட வெந்தயக்களி மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க."

"லேப் ரிசல்ட் வந்துச்சுங்களா மாமா?" என்று பின்னால் மாப்பிள்ளையின் குரல்.

"அதான் பில்டரே போட்டாச்சுங்களே" என்றேன். செரி செரி என்றார்.

ராஜாமணி இன்று முழுக்கப் பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்துக் குழந்தைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 4, செவ்வாய்

பராமரிப்புக்காக மாதம் ஒருநாள் மின்சாரம் நிறுத்துவார்கள். இன்று எங்கள் பகுதி, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. ஒன்பது மணிக்கு விளக்குக் குழல் அணைந்தது. மாடியில் நின்று பார்த்தேன். கீழே ராஜாமணி குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் சிலிண்டர் வழியாக இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.

மேல் வால்வை மூடினேன். "தண்ணி வர்லீங்க" என்று கத்தினாள். "வேலை நடக்குது" என்றேன். எட்டு மணி நேரமும் மூட முடியுமா? பதினொரு மணிக்குத் திறந்துவிட்டேன்.

மாலையில் டேப் பிடித்து அளந்தேன். தொட்டியிலிருந்து போர் பதினோரு அடி. கடப்பாரையால் மூடியை நெம்பித் திறந்து மூங்கில் விட்டுப் பார்த்தேன். பத்தடித் தொட்டியில் கழிவு இரண்டடிகூட இல்லை.

இருந்தாலும் அந்த அப்பாஸ் சொல்கிறார், லேப் பெண் சொல்கிறாள் என்பதற்காக நம்புகிறவன் நானில்லை. நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஜூலை 5, புதன்

கல்லுப்பு இரண்டு மூட்டை வாங்கி வந்து செப்டிக் தொட்டிக்குள் கொட்டினேன். பின்னாலேயே இருபது வாளித் தண்ணீர் ஊற்றினேன். எறும்புக்கு என்று ராஜாமணியிடம் சொன்னேன். போர்த் தண்ணீர் காலையில் 1,150. மாலையில் 1,150.

பார்த்தாயா என்று சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 6, வியாழன்

காலை 1,160. மாலை 1,290.

ஜூலை 7, வெள்ளி

காலையில் ராஜாமணி பின்பக்கக் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். துப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, வாய் கொப்புளிச்சா உப்புக் கரிக்குதுங்க. பில்டர்ல என்னமோ கோளாறு."

மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு முறை முக்கிப் பார்த்தேன். 2,340.

"எறும்பு மருந்து ஏதாச்சும் கலந்துருச்சுங்களா?" என்றாள்.

"இல்லை. நீ அந்தத் தண்ணியத் துப்பிரு" என்றேன்.

"துப்பிட்டனுங்க."

உள்ளே வந்து பீரோவைத் திறந்து அந்தக் காகிதத்தை மறுபடி எடுத்தேன். ஜூன் 23 அன்று நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். மனித மலத்தில் இருக்கும் கிருமி எங்கள் போர்த் தண்ணீரில் இருக்கிறது. குடிக்கத் தகுதியற்றது என்று கீழே சிவப்பில் முத்திரை குத்தியிருக்கிறார்கள். நான் கேட்டலாக் படித்தவன். இரண்டு வரி இங்கிலீஷ் எனக்குப் புரியாமல் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சித்திரை ஒன்றாம் தேதி சம்பந்தி வாத்தியார் பந்தியில் பாட்டிலைத் திறந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய்க் குழாயில் ஒரு சொம்பு பிடித்து வந்து தாரணியிடம் நீட்டினேன். "இவ குடிச்சு வளந்த தண்ணிங்க இது. இவளக் கேளுங்க" என்றேன். தாரணி மூன்று மாதமாகக் கொதிக்கவைத்த தண்ணீர்தான் குடித்துவந்தாள். டாக்டர் சொன்னது. எனக்கும் அது தெரியும். அவள் என்னைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள், சொம்பை வாங்கி முழுக்கக் குடித்தாள். "நல்லாத்தான் இருக்குதுங்க மாமா" என்று அவரிடம் சொன்னாள். அன்று நான் இரண்டாம் முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 8, சனி

கோவை போவதற்குச் சாமான் கட்டினோம். திரும்பி வரும்போது தாரணியையும் அழைத்து வரப் பெரிய கார் பேசியிருக்கிறது. ராஜாமணி அவளுக்காகப் பின்சீட்டுக்கு இரண்டு தலையணை எடுத்து வைத்தாள். சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். "முறுக்கு டப்பா மூடி எங்கீங்க?" என்று கேட்டாள்.

ஜூலை 9, ஞாயிறு

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. தாரணி இரண்டு கை நிறைய வளையலோடு மனையில் உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. ஐந்து வகைக் கலவைச் சாதம்.

சாப்பாட்டுக்குப் பிறகு சம்பந்தி வாத்தியார் எங்களைக் கூடத்தில் உட்கார வைத்தார். "நாலு மணிக்குள்ள கெளம்பிட்டா நல்லதுங்க. பொழுதோட போயிச் சேந்துரலாம்" என்றார். அவர் மனைவி வெற்றிலைத் தட்டோடு நின்றார்.

நான் எழுந்து சட்டைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து வாத்தியார் கையில் கொடுத்தேன்.

"அவளை அனுப்ப வேண்டாமுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பரீட்சைப் பேப்பர் படிப்பது போல மேலிருந்து கீழே ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு தேதியில் விரலை வைத்தார்.

"இது ஜூன் இருவத்தி மூணுன்னு போட்டிருக்குதுங்களே."

"ஆமாங்க."

"பில்டர் போட்டீங்களே?"

"பில்டர் போட்டா பத்தாதுங்க. என் செப்டிக் தொட்டி என் போருக்குள்ள போகுது. நானே உப்புப் போட்டுப் பாத்தேன்." கூடத்தில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வாசற்படியில் நின்றார். "ஏப்ரல்ல அவளுக்கு வந்ததும் அதுலதானுங்க. நான்தான் உங்க முன்னால சொம்பக் கொடுத்தேன். பானிபூரின்னு சொன்னது..."

"பானிபூரி நான் திங்கவே இல்லீங்ப்பா" என்றாள் தாரணி.

அறை வாசலில் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வளையல் சத்தம்கூட இல்லை.

"ஆஸ்பத்திரியில நீங்க வந்து நின்னீங்க. உங்க முகத்தப் பாத்து அப்படிச் சொல்லிட்டேன். நீங்க கண்டுபிடிச்சுருவீங்கன்னு நெனச்சேன். நீங்க அதையே எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டிருந்தீங்க."

வாத்தியார் என்னைத் தோற்றவனாகப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் காகிதத்தை நாலாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "மொதல்ல உக்காருங்க சம்பந்தி" என்றார். உட்கார்ந்தேன். அவர் மனைவி ராஜாமணி பக்கம் திரும்பி, "அப்ப நீங்க இங்கேயே இருந்துருங்க. கொழந்த பொறந்து மூணு மாசம் ஆகட்டும். அம்மா இருக்கற எடந்தானுங்க அம்மா வீடு" என்றார்.

ராஜாமணி என்னைக் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு, காரிலிருந்து தன் பையையும் அந்த இரண்டு தலையணையையும் எடுத்துவரப் போனாள்.

ஆறு மணிக்குப் பெரிய காரில் நான் மட்டும் ஊர் திரும்பினேன்.

ஜூலை 11, செவ்வாய்

அப்பாஸுக்குப் போன் செய்தேன். அன்று பேசியதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொத்தனாரோடு வந்தார். புதுத் தொட்டி வாசல் பக்கம், மூன்று அறை, அடி பூசியது. பழையதை லாரி வைத்து உறிஞ்சி, சுண்ணாம்பு போட்டு மண் தள்ளி மூட வேண்டும். போரைத் தலையில் மூடிபோட்டு அடைத்தாயிற்று.

"எத்தன நாள்ல மண்ணு சுத்தமாகும்?"

"சொல்ல முடியாதுங்ணா. மூணு மாசத்துக்கு ஒருக்கா டெஸ்ட் கொடுத்துட்டே இருங்க. ஒரு வருசங்கூட ஆவும். வேற போர் போட்டாலும் பாத்துத்தான் போடோணும்."

பிரசவம் அக்டோபரில்.

ஜூலை 14, வெள்ளி

லாரி வந்தது. சின்னராசு கேட்டில் சாய்ந்து நின்று பார்த்தார். "உங்களுக்குமுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். தொட்டி போருக்குள் கசிந்ததை நானாகவே சொன்னேன், 2017-இல் குடம் கொண்டு வந்தவர்களில் அவரும் ஒருவர் என்பதால். முழுக்கக் கேட்டார். "ஏதோ, இருக்கறமில்லீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜூலை 16, ஞாயிறு

மாலையில் ராஜாமணி போன் செய்தாள். ஒரு வாரத்தில் முதல் முறையாகத் தானாகச் செய்கிறாள். தாரணிக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறதாம். டாக்டர் எடை சரியென்றாராம். அவ்வளவும் சொன்ன பிறகு போனை வைக்காமல் இருந்தாள்.

"ஒண்ணு கேக்கறனுங்க. அந்தக் காயிதம் பதினாறு நாளு பீரோவுல இருந்துச்சு."

"ஆமா."

"அவ வரக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுருச்சு. செரி. அந்தப் பதினாறு நாளும் நான் அதே தண்ணியிலதானுங்க பல்லு வெளக்கினேன். அரிசி களஞ்சேன். நீங்க பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தானுங்க இருந்தீங்க."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"எனக்கு வருசத்துல நாலு தடவை வயிறு கெட்டுப்போவும். உங்களுக்குத் தெரியாது. சொன்னா தண்ணியச் சொல்றியான்னு கேப்பீங்க. ஓமத்தண்ணி குடிச்சுட்டுப் படுத்துக்குவேன்."

சாப்பிட்டாயா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. சாப்பிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

கால் மணி நேரம் கழித்து நானே கூப்பிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவளுக்குச் செய்தது தாரணிக்குச் செய்ததைவிடப் பெரிய தப்பு என்றும் சொன்னேன். முப்பத்தாறு வருஷத்தில் அவளிடம் இப்படி ஒன்றை நான் சொன்னதில்லை.

அந்தப் பக்கம் யாரோ குக்கர் திறக்கிற ஓசை கேட்டது.

"கேன் தண்ணி வாங்கிட்டீங்களா?" என்றாள்.

"வாங்கிட்டேன்."

"பல்லு வெளக்கறதுக்கும் அதையே எடுங்க" என்றாள்.